அண்ணனின் அச்சகத்தில் ஏற்றாத விளக்கு

பள்ளிபாளையத்தில் என் அண்ணன் சிறிய அச்சகம் வைத்து, ஓர் இலக்கியப் பத்திரிகை நடத்திவந்தார். நான் எட்டாவதோடு நின்றவள். பக்கங்களை மடித்து ஸ்டேப்ளர் பின் அடிப்பது என் வேலை. சில மாதங்களுக்கு முன் லாரி மோதி அண்ணன் இறந்துவிட்டார். பாதி அச்சான இதழ் அப்படியே நின்றது.

காரியம் முடிந்ததும், அந்த இதழை முடிக்க நானும் அண்ணியும் அச்சகத்துக்குப் போனோம். அண்ணி வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் நான் பூட்டைத் திறந்து உள்ளே போனேன். குப்பென்று பெட்ரோல் வாசம். மெஷின் உருளைகளைப் பெட்ரோல் தொட்டுத்தான் துடைப்போம். அண்ணன் சட்டையில் எப்போதும் இருக்கும் வாசம் அது. வெளியே போய்விடக் கூடாதென்று கதவைச் சாத்தினேன். கால் நனைந்தது. கூரை ஒழுகியிருக்கும் என்று நினைத்தேன். அண்ணன் படத்துக்கு முன் அகல்விளக்கை வைத்து, தீப்பெட்டியை எடுத்தேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அண்ணி கத்தினார்.

“ஏ சாமி, பத்த வெக்காத!”

“ஏனுங்க அண்ணி, அண்ணனுக்கு ஒரு வெளக்குக்கூட வெக்கக் கூடாதுங்களா?”

“கீழ பாரு புள்ள! ஒரே ஊட்ல இன்னொரு பொணத்துக்கும் என்னை அழச் சொல்றியா?”

குனிந்து பார்த்தேன். பூனை தட்டிவிட்டதோ என்னவோ, பெட்ரோல் கேன் சாய்ந்து, துடைக்கிற துணிகளும் காகிதக் கட்டுகளும் ஊறிப்போயிருந்தன. என் சுடிதார் ஓரமும் நனைந்திருந்தது. உரசாத தீக்குச்சி இன்னும் விரலில் இருந்தது.

இதழை முடித்து அனுப்பிவிட்டோம். இப்போது அண்ணனுக்கு விளக்கு வீட்டில்தான். அச்சகத்தில் நுழைந்ததும் எல்லா ஜன்னல்களையும் திறக்கிறேன். அந்த வாசம் போகப்போக அழுகை வருகிறது. இருந்தாலும் திறந்துவிடுகிறேன்.