வாசலில் உடைத்த தேங்காய்

துறைமுகத்துக்குப் போகும் வழியில் உள்ள ஒரு பலசரக்குக் கடையில் ஏழு வருடமாகச் சாமான் அடுக்குகிறேன். போன வருடம் முதலாளி கடை முழுவதும் வெள்ளை டைல்ஸ் பதித்தார். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் வாசற்படிக்கு உட்புறம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் வழக்கத்தை மாற்றவில்லை. பழைய சீமெந்து நிலம் தேங்காய்த் தண்ணீரைக் குடித்துவிடும். டைல்ஸ் குடிக்குமா?

ஒரு வெள்ளிக்கிழமை பருப்புப் பெட்டியோடு வந்து அந்தத் தண்ணீரில் கால் வைத்தேன். மறுகணம் கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். வலது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு.

முதலாளி நல்ல மனிதர். லிங்கநகரில் உள்ள என் வீட்டுக்குத் தோடம்பழப் பையோடு வந்தார்.

"இது கண்ணூறு, பிள்ளை. கடையைப் பாத்து ஊரே வயிறெரியுது. இனி ரெண்டு தேங்காய் உடைக்கப் போறன்."

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நான் மாதா கோவிலுக்குப் போகிறவள். பிள்ளையாரின் தேங்காயைக் குறை சொன்னால் அவருடைய சாமியையே குறை சொன்னதாகிவிடும் என்று பயந்தேன்.

கட்டு அவிழ்த்து வேலைக்குத் திரும்பியதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். சொன்னபடியே இரண்டு தேங்காயின் தண்ணீர் வாசலில் ஓடிக் கிடந்தது. எங்களுடன் வேலை செய்யும், ஏழு மாதக் கர்ப்பிணியான பிள்ளை குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தாள். ஓடிப்போய் அவளை மறித்தேன். அதற்குமேல் வாயை அடக்க முடியவில்லை.

"முதலாளி, நான் கண்ணூறில விழேல்ல. உங்கட தேங்காய்த் தண்ணியிலதான் விழுந்தனான். இவளும் விழுந்தா என்ன செய்வியள்?"

என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். முதலாளி தண்ணீரைப் பார்த்தார்; அவள் வயிற்றைப் பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டி, சாக்கொன்றை எடுத்துத் தானே துடைத்தார்.

"ஆறு கிழமையா ஏன் சொல்லேல்ல நீர்?"

"சாமி விசயம். நான் எப்பிடிச் சொல்லுறது?"

"சாமியோ உம்மை விழச் சொன்னது?"

அன்றிலிருந்து தேங்காய் வெளியே, வீதியோர மணலில்தான். அவளுக்கு நல்லபடியாகப் பெண்குழந்தை பிறந்தது. குழந்தையைக் கடைக்குத் தூக்கி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. முதலாளி அன்று தேங்காயை என்னிடம் நீட்டினார்.

"இண்டைக்கு நீர்தான் உடைக்கவேணும், பிள்ளை."

மாதாவை ஒருதரம் நினைத்துக்கொண்டு, முறிந்து பொருந்திய அந்தக் கையாலேயே உடைத்தேன். ஒரே அடியில் சரிபாதியாகப் பிளந்தது.