கோழிக்கோட்டு மிளகு

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தவை:

1. கண்காட்சிக்கு நான் தேர்ந்த படம் தள்ளுபடியாகப் பார்த்தது.
2. ஆற்றாமையில் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.
3. அம்மாவும் அப்பாவும் மிளகாயின் பெயருக்காகச் சண்டை பிடித்தார்கள்.
4. பொறுப்பாளரின் பாணுக்குள் விடை இருந்தது.

டென்மார்க்கில், ஓல்போர்க் நகரின் ஒரு நூலகத்தில் பழைய புத்தகங்களைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுவது என் வேலை. இந்த முறை முதன்முதலாக ஒரு கண்ணாடிப் பெட்டியை முழுவதும் என்னிடம் விட்டிருந்தார்கள். இன்கா, அஸ்டெக் நாடுகளின் செடிகளையும் விலங்குகளையும் பற்றி ஐரோப்பியர் முதன்முதலில் எழுதியவை அதில் வரவேண்டும். ஒட்டகக் கழுத்துள்ள ஆடு போல வரைந்த லாமா கிடைத்தது. ஆனால் நான் உயிரை வைத்திருந்தது பழைய ஜெர்மன் மூலிகைப் புத்தகம் ஒன்றின் மிளகாய்ச் செடியில். சிவப்பு மை இன்னும் மங்கவில்லை.

"மேலே 'காலிகட் மிளகு' என்று அச்சாகியிருக்கிறதே," என்றார் கண்காட்சிப் பொறுப்பாளர். காலிகட் என்றால் கேரளத்துக் கோழிக்கோடு. "மிளகாய் மெக்சிக்கோவில் இருந்து வந்தது எனக்குத் தெரியும். பார்க்க வருபவர் குழம்புவார். ஒரே வரியில் விளக்க முடிந்தால் வை. முடியாவிட்டால் பின்னேரம் இதை எடுத்துவிட்டுத் தேசப்படம் ஒன்றை வைத்துவிடுவோம்."

நான் எழுதிய ஒவ்வொரு வரியும் பந்தியாக நீண்டது. ரண்டர்ஸ் நகரில் இருக்கும் அம்மாவை அழைத்தேன்.

"அம்மா, ஒரு மிளகாய்ப் படத்தால பிரச்சினை."

"கொச்சிக்காய்ப் படமோ, மனே?" அம்மா மட்டக்களப்பு.

பின்னால் அப்பா சிரிப்பது கேட்டது. அவர் யாழ்ப்பாணம். "கேட்டியே பிள்ளை! இவ்வளவு வருசமாச்சு, கொம்மாவுக்கு இன்னும் மிளகாய் எண்டு வாயில வருதில்லை. கொச்சிக்காயாம்! கொச்சியிலயோ காய்ச்சது?"

"கொச்சியால வந்த கப்பல்ல வந்திருக்கும், அந்தப் பேரை வெச்சாங்க. உங்கட மிளகாய் மட்டும் என்னவாம்? மிளகுக்குப் பிறந்த பிள்ளையோ?"

"சரியப்பா, சோத்தைப் போடும்," என்றார் அப்பா அம்மாவிடம்.

நான் போனை வைக்க மறந்து நின்றேன். ஜெர்மன்காரன் கோழிக்கோடு என்றான், அம்மாவின் ஊர் கொச்சி என்றது. இரண்டும் ஒரே கரைத் துறைமுகங்கள். உறைத்ததால் மிளகு என்று எழுதிய ஸ்பானியரும் அப்பாவின் கட்சிதான். பிறந்த இடத்தின் பெயரைச் செடியிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் இதை டேனிஷ்காரருக்கு ஒரு வரியில் சொல்வது எப்படி?

சாப்பாட்டு அறையில் பொறுப்பாளர் கறுப்புப் பாண் ரொட்டியில் இறைச்சித் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்த இறைச்சியின் பக்கெற். அதில் இருந்த சொல்லைப் பள்ளிக்கூட நாளிலிருந்து வாசித்து வருகிறேன்: கல்கூன். வான்கோழி.

கல்கூன். காலிகட். வாய்விட்டே சொல்லிவிட்டேன். போனில் டேனிஷ் அகராதியைத் திறந்தேன். அப்படியேதான் இருந்தது: காலிகட்டின் கோழி என்ற பெயர் தேய்ந்து கல்கூன் ஆகியிருந்தது. கோழிக்கோட்டுக் கோழி! அஸ்டெக்குகள் வீட்டில் வளர்த்த பறவை!

"நீங்கள் சாப்பிடுவது எந்த நாட்டுப் பறவை?" என்று கேட்டேன். என் குரல் அந்த அறைக்குக் கொஞ்சம் பெரிது.

"டென்மார்க். பக்கெற்றில் கொடி இருக்கிறது."

போனை நீட்டினேன். வாசித்தார். பாணைப் பார்த்தார்.

"அப்படியென்றால் நான் இந்தியாவைச் சாப்பிடுகிறேனா?"

"இல்லை. மெக்சிக்கோவை. பெயர் மட்டும்தான் இந்தியா."

"அதுதான் உன் வரி," என்றார், வாயில் பாணோடு.

படம் இப்போது பெட்டிக்குள் இருக்கிறது. கீழே ஒரு வரி: "கல்கூனைப் போலவே, இதுவும் காலிகட்டில் பிறந்ததல்ல." அதன் அடியில் தமிழில் ஒரு சொல் போட அனுமதி கிடைத்தது. கொச்சிக்காய் என்று போட்டிருக்கிறேன். சனிக்கிழமை திறப்பு. அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.