செல்வி சாப்பிடாமல் போன மதியம்

புரொஜெக்டர் சூடேறும்போது வரும் கருகிய தூசி வாடையும், பயிற்சி முடிந்து உடை மாற்றாமல் வந்து உட்கார்ந்த எங்கள் வியர்வை நெடியும் கலந்து, ஜன்னல்களைப் போர்வைகளால் மூடி இருட்டாக்கிய அறிவியல் கூடம் மூச்சுமுட்டிக் கிடந்தது. அவனியாபுரத்தில் நான் படித்த பெண்கள் பள்ளியின் வாலிபால் அணி மொத்தமும் தரையில் உட்கார்ந்திருக்க, எங்கள் விளையாட்டு ஆசிரியை ரோசி டீச்சர் தமிழில் டப் ஆகி வந்த ஒரு அமெரிக்கப் படத்தை எங்களுக்குப் போட்டுக் காட்டினார்.

தொடர் ஓட்டம் ஓடும் பையன்களைப் பற்றிய படம் அது. ஒரே அணியில் கறுப்பினப் பையன்களும் வெள்ளைக்காரப் பையன்களும் ஓடுகிறார்கள். கறுப்பினப் பையனின் விரல் தன்மேல் பட்டுவிடக்கூடாதென்று ஒரு வெள்ளைக்காரப் பையன் கைமாற்றும் கோலின் நுனியைப் பிடித்தும் பிடிக்காமலும் வாங்குவதால், ஒவ்வொரு போட்டியிலும் கோல் கீழே விழுகிறது, அணி தோற்கிறது. திட்டும் சண்டையுமாகக் கிடந்தவர்கள் மெல்ல மெல்ல ஒருவரையொருவர் நம்பத் தொடங்கி, கடைசிப் பந்தயத்தில் கையைக் கை அழுத்திப் பிடித்துக் கோலை வாங்கும் இடத்தில் நாங்கள் எல்லோரும் அழுதோம். நான்தான் அதிகம் அழுதேன்.

டீச்சர் அந்தப் படத்தைப் போட்டதற்குக் காரணம் இருந்தது. அணியில் நான் "லிப்டர்", அதாவது வலையோரம் நின்று பந்தை உயரத் தூக்கிக் கொடுப்பவள். அதைப் பாய்ந்து அடிப்பதில் செல்வியை மிஞ்ச ஆளில்லை. ஆனால் செல்வி கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருந்த காலனியிலிருந்து வந்தாள். எங்கள் தெருக்காரர்கள் "காலனிப் புள்ள" என்று சொன்னால் அது வீட்டு முகவரி மட்டுமில்லை, சாதியும்தான். ஒருநாள் அவள் என் தண்ணீர் பாட்டிலை எடுத்து வாய் வைத்துக் குடித்துவிட, எங்கள் தெருப் பெண் ஒருத்தி மிச்சத் தண்ணீரை மண்ணில் கொட்டி பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு செல்விக்குப் பந்து போவது குறைந்துபோயிற்று. யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை, அப்படியே நடந்தது.

படம் பார்த்த மறுநாளிலிருந்து எங்கள் மைதானமே மாறிப்போனது. ஒவ்வொரு பந்தையும் செல்விக்குத் தூக்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்தே பந்து எங்கே வரும் என்று கண்டுகொண்டாள். "மாப்ள, இன்னும் கொஞ்சம் ஒசரத் தூக்குடி" என்று கத்துவாள், தூக்குவேன், எதிர்ப்பக்கம் புழுதி பறக்கும். வட்டாரப் போட்டியில் வென்ற சனிக்கிழமை, மைதானத்து வாசலில் எல்லோரும் ஒரே பொட்டலத்தில் முட்டை போண்டா தின்றோம். அந்தச் சந்தோஷத்தில்தான் அத்தனை பேரையும் எங்கள் வீட்டுக்கு மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தேன்.

அன்று ராத்திரியே அம்மா கேட்டாள். "அந்தக் காலனிப் புள்ளயும் வருதா?" வருகிறாள் என்றேன். "வரட்டும். வீட்டுக்கு வர்ற புள்ளய வேணாம்னா சொல்லுவாக? அதது அதது மொறையில இருந்தா ஒரு வம்பும் இல்ல" என்றாள். அந்த "மொறை" என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அம்மா சம்மதித்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து, எல்லோருக்கும் எவர்சில்வர் தட்டு வைத்திருந்தாள் அம்மா. வரிசையின் கடைசியில், கதவோரத்தில், கொஞ்சம் தள்ளி ஒரு பாக்குமட்டைத் தட்டு. யார் எங்கே உட்காரவேண்டுமென்று அவள் சொல்லவே இல்லை. எல்லோரும் உட்கார்ந்த பிறகு அந்த இடம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. செல்வி நின்றபடி அந்தத் தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், மைதானத்தில் பார்ப்பது போலவே. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அம்மா, நான் ஆத்தாவுக்கு வெரதம் இருக்கேன். மறந்தே போயிட்டேன்" என்றாள் செல்வி. அன்று காலைப் பயிற்சி முடிந்தும் எங்களோடு போண்டா தின்றவள்.

"அடடா, சாமி காரியமாச்சே" என்றாள் அம்மா. அவள் குரலில் இருந்த நிம்மதி எனக்குள்ளும் இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னைக் காப்பாற்றச் செல்வி சொன்ன பொய்யை நான் நன்றியோடு வாங்கிக்கொண்டேன்.

செல்வி வாசலுக்குப் போனாள். கறிக்குழம்பு ஊற்றிய தட்டின் முன்னிருந்து மும்தாஜ் எழுந்தாள். கீழவாசல் பக்கத்திலிருந்து பஸ் ஏறிப் படிக்க வந்தவள், அணியிலேயே அதிகம் பேசாதவள். "எனக்கும் பசிக்கலம்மா. நானும் அவளோட போறேன்" என்று சொல்லிவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் வெளியே நடந்தாள். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார்கள். நானும் சாப்பிட்டேன். இரண்டாவது முறை சோறு வாங்கியும் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை செல்வி வழக்கம்போலப் பயிற்சிக்கு வந்தாள். நான் தூக்கிய பந்துகளை அதே வேகத்தோடு அடித்தாள். ஆனால் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை, பந்தை மட்டுமே பார்த்தாள். மாவட்டப் போட்டியிலும் வென்றோம். பள்ளி ஆண்டு விழாவில் அணித் தலைவி என்று என்னைப் பேசச் சொன்னார்கள். அந்தப் படத்தைப் பற்றியும், மனிதர்களுக்குள் வித்தியாசம் இல்லை என்பதைப் பற்றியும், எங்கள் அணியின் ஒற்றுமையைப் பற்றியும் பேசினேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. முன்வரிசையில் செல்வியும் தட்டினாள்.

இப்போது ஆனையூரில் இருக்கிறேன். போன மாதம் என் மகள் அதே படத்தைச் செல்போனில் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நீங்களும் இப்பிடித்தானம்மா வெளையாண்டீங்க?" என்று கேட்டாள். அன்று சாயங்காலமே மும்தாஜிடம் செல்வியின் எண்ணைக் கேட்டு வாங்கினேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை கிடைத்துத் திருச்சியில் இருக்கிறாளாம்.

"ஏய், லிப்டரு! எப்பிடி இருக்க?" என்றாள் செல்வி. நலமெல்லாம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி அந்த மதியத்தைப் பற்றிச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"அன்னைக்கு எனக்கு எம்புட்டுப் பசி தெரியுமா?" என்றாள். "நீ பின்னாடியே வந்து கூப்பிடுவேன்னு, செருப்பக்கூட மாட்டாம உங்க வாசல்லயே நின்னேன்டி. மும்தாஜுதான் வந்தா." கோபமாகச் சொல்லவில்லை. என்றோ நடந்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள். "சரி, டியூட்டிக்கு நேரமாச்சு. வைக்கவா?" என்றாள்.

நாங்கள் ஆடிய இடத்தில் இன்று வகுப்பறைகள் எழும்பி நிற்கின்றன. வாலிபால் அணியே அந்தப் பள்ளியில் இப்போது இல்லையாம். அவற்றைக் காலம் கொண்டுபோயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். செல்வி என் முகத்தைப் பார்த்து ஆடிய நாட்களை அப்படிச் சொல்ல முடியாது.

"போன்ல யாரும்மா?" என்றாள் மகள்.

"எங்க டீம்ல இருந்தவ."

"ஒங்க பெஸ்ட் பிரண்டா?"

"இல்ல" என்றேன். "அவளோட பிரண்டு வேற ஒருத்தி."