சிவப்புப் பொட்டு வைத்த திருகு

சூடேறின ஆம்ப்ளிபயரில் தூசி கருகுமே, அந்த வாசம் தெரியுமா உங்களுக்கு? முப்பது வருஷம் அந்த வாசத்தோடுதான் சோறு தின்றேன். எனக்கு எழுத்து தெரியாது. எந்தத் திருகு எதற்கென்று நகப்பாலிஷால் பொட்டு வைத்திருப்பேன். மொத்தச் சத்தத்துக்குச் சிவப்பு. இதையும் நான் சொல்லச் சொல்ல, மகள் வழிப் பேத்திதான் போனில் தட்டுகிறாள்.

மதுரையில் கோச்சடையிலிருந்து கே.கே. நகர் வரை, கல்யாணமோ பள்ளிக்கூட ஆண்டுவிழாவோ, என் மைக்செட் விசிலடிக்காது என்று பேர். அந்தப் பேர்தான் என்னைக் கெடுத்தது.

தொண்ணூறுகளின் கடைசி. என் மகன் சேகர் சென்னையில் எலெக்ட்ரிக் கிட்டார் படித்துவிட்டு வந்திருந்தான். கே.கே. நகரில் ஒரு சின்ன ஹாலில் தனியாக வாசிக்கப்போகிறேன் என்றான். டிரம்ஸ் கிடையாது, பாடுகிற ஆள் கிடையாது, சினிமாப் பாட்டும் கிடையாது. மேற்கத்திய சங்கீதத்தில் இந்தக் காலத்து ஆள் எழுதினதாம். நோட்டீஸில் ஒலி அமைப்பு என்று போட்டு என் பேரை அச்சடித்திருந்தான். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே... விரலை வைத்துக் காட்டினான்.

சாயங்காலம் செட்டு கட்டும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"யப்பா, கடைசில நான் ஸ்பீக்கர் பாக்ஸு பக்கத்துல போயி நிப்பேன். கம்பியத் தொட மாட்டேன். தானா ஒரு விசில் கிளம்பும். அது கோளாறு இல்ல, எழுதுனதே அப்படித்தான். கை வச்சிராதப்பா."

"எம்புட்டு நேரம்டா?"

"ரெண்டு நிமிசம். அந்த ரெண்டு நிமிசத்துக்குத்தான்ப்பா இம்புட்டும்."

"சரிடா, வைக்கல."

வாசித்தான். ஒரு இடத்தில் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி இருந்தது. எனக்குப் புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

கடைசியில் பாக்ஸைப் பார்த்துத் திரும்பி நின்றான். கம்பியை விட்டுக் கையை எடுத்தான். விசில் கிளம்பியது.

தலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் திரும்பின... அவனை விட்டுவிட்டு, ஹாலின் கடைசியில் ஆம்ப்ளிபயரோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தன.

"என்னண்ணே, ரயிலு வருதா?" என்றான் ஒருத்தன். சிரிப்பு.

வருஷா வருஷம் எனக்கு வேலை தருகிற ஹால் செக்ரட்டரி எழுந்தே வந்துவிட்டார். "யோவ், ஒன் செட்டா இப்படிக் கத்துது?"

எழுதினதே அப்படித்தான் ஐயா என்று சொல்ல எம்புட்டு நேரமாகும்? சொல்லவில்லை. சிவப்புப் பொட்டுத் திருகை அடியோடு இறக்கிவிட்டேன்.

செக்ரட்டரி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சேகர் அப்படியே நின்றான், செத்துப்போன பாக்ஸைப் பார்த்தபடி. முடிந்துவிட்டது என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள்.

ஒயர் சுருட்டும்போது திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"ஒன் செட்டு நல்லாத்தான்ப்பா இருந்துச்சு" என்றான். அவ்வளவுதான். அதற்கப்புறம் மதுரையில் அவன் கிட்டாரைத் தொடவே இல்லை.

இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். மாத்திரை போட்டியா, சாப்பிட்டியா என்று போனில் கேட்பான். வாசிப்பைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. அவன் அங்கே அதையே வாசித்த வீடியோவைப் போன வாரம் பேத்திதான் தேடிக் காட்டினாள். அதே மாதிரி பாக்ஸ் பக்கம் போய் நிற்கிறான். கையை எடுக்கிறான்.

"விசில் வருதா?" என்று கேட்டேன்.

"வருது தாத்தா. காதக் கிழிக்குது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. குழாய் ஸ்பீக்கருக்கும் பாக்ஸுக்கும் நடுவிலேயே கிடந்த காது... கீச்சுச் சத்தமெல்லாம் விட்டுப்போய் வருஷக்கணக்காகிறது.

ரெண்டு நிமிஷமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அங்கே ஒரு தலைகூடப் பின்னால் திரும்பவில்லை.