வினிகர் மணக்கும் கை

எங்கள் வீட்டுக் குளியலறையில் சோப்புக்கு மரியாதை கிடையாது. அங்கே அண்ணி வைத்ததுதான் சட்டம். வாளித் தண்ணீரில் ஒரு மூடி வினிகர், கைக்குச் சமையல் சோடா, நகக்கண்ணுக்கு எலுமிச்சைத் தோல், விரலிடுக்குக்குப் பற்பசை. அவள் சந்தையில் மீன் வெட்டுகிறவள். வேலை முடிந்து வந்ததும் யாரிடமும் பேசாமல் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். நான் வெளியே அவசரத்தில் கால் மாற்றி நிற்பேன். நாத்தனாராகப் பிறந்தால் நின்றுதான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

குழாயில் படிந்த உப்புக்கறை, முகம் பார்க்கும் கண்ணாடி, அண்ணனின் சட்டைக் காலர், எல்லாவற்றுக்கும் அதே வினிகர்தான். அண்ணன் வாயே திறப்பதில்லை. திறந்தால் அங்கும் ஊற்றிவிடுவாளோ என்ற பயம்.

போன மாதம் நிலைமை முற்றிவிட்டது. கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு காப்பகத்தில் ஆயா வேலைக்கு அவளை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணிக்குப் பிள்ளை இல்லை. அந்த வேலைக்காக அவள் தவித்த தவிப்பில் எனக்கே சோறு இறங்கவில்லை. ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். கையை முகர்வாள், அதை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இன்னும் மீன் வாடை அடிக்குதாடி?" என்பாள். இல்லை என்று சொன்னால் நம்பாமல் மறுபடி குளியலறைக்கு ஓடுவாள். கடைசியில் தண்ணீர் கலக்காமலே வினிகரை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தாள். தோல் சிவந்து உரிந்தது. வேண்டாம் என்று சொன்னதற்கு என்னை முறைத்தாள்.

துணைக்கு நான்தான் போனேன். பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்தார். காப்பகத்துப் பொறுப்பாளரம்மா அதிகம் விசாரிக்கவில்லை. சிணுங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையைத் தூக்கி அண்ணியின் மடியில் வைத்தார். சிணுங்கல் சட்டென்று நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழந்தை அவள் விரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது. அடுத்த நொடி முகம் கோணி, கட்டடமே அதிர வீறிட்டது.

பொறுப்பாளரம்மா அண்ணியின் கையைப் புரட்டிப் பார்த்தார். என்ன செய்தீர்கள் என்று கேட்க, மீன் வாடை போவதற்காக என்று அண்ணி வினிகரிலிருந்து பற்பசை வரை எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

"மீன் வாசனைக்கு சோப்பே போதும்மா. இந்தப் புண்ணுக் கையில குழந்தையக் குடுக்க முடியாது. நல்லா ஆறட்டும், அப்புறம் வாங்க."

வழியெல்லாம் அண்ணி கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே வந்தாள். எனக்கு அவள் மேல் கோபம், அதைவிட இரக்கம். வீட்டுக்கு வந்ததும் நான் முந்திக்கொண்டு ஓடி வினிகர் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துவிட்டு, வாஸ்லின் டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினாள். நான் பூசப் பூச அவளுக்கு எரிந்தது, கையை இழுக்கவில்லை. சீக்கிரம் ஆறிவிடுமா என்று கேட்டாள். சும்மா இருந்தால் ஆறும் என்றேன்.

"குழந்தை வாயிலேர்ந்துதான் துப்புச்சுடி. விரல விடல. அழுதுக்கிட்டே புடிச்சிருந்துச்சு."