மலைக் கோயிலில் ஓலை வாசித்த ஞாயிறு

மகள் மலைநாட்டில் படிப்பிக்கப் போனவள், அங்கே கூடப் படிப்பிக்கிறவரையே கட்டப்போவதாகப் போனில் சொன்னாள். பொடியன் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். வேதம் எனக்கொரு பிரச்சினையில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்த நாங்கள் முருகனுக்கும் நேர்த்தி வைப்போம், மாதாவுக்கும் மெழுகுதிரி கொளுத்துவோம். என் வயிற்றெரிச்சல் வேறு. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் பெண் பிள்ளை வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவார். களுவாஞ்சிக்குடியில் அவளுக்கென்று கட்டின வீடு பூட்டிக் கிடக்க, இவள் போய் அந்தக் குளிருக்குள் ஆரோ ஒரு மாமியாரோடு இருக்கப்போகிறாளாம்!

"ஞாயிற்றுக்கிழமை கோயில்ல ஓலை வாசிப்பாங்க அம்மா," என்றாள். இன்னாரும் இன்னாரும் கட்டப்போகிறார்கள் என்று பூசை முடிவில் எல்லாருக்கும் அறிவிப்பதுதான் ஓலை. "வந்து பாருங்க. புடிக்காட்டி அதுக்கு முன்னம் சொல்லுங்க. நான் நிப்பாட்டச் சொல்றன்."

நிப்பாட்டத்தான் போனேன். என் கணவர், வயல் வட்டையில் வேளாண்மை வெட்டு என்று சாட்டுச் சொல்லி வீட்டில் நின்றுவிட்டார். கெட்ட பெயர் எனக்கே கிடைக்கட்டும் என்ற நல்ல மனம்! பதுளைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் வளைந்து வளைந்து ஏறுவதற்குள் எனக்குக் குடல் வாய்க்கு வந்தது.

கோயில் தேயிலைச் சரிவுக்கு மேலே நின்றது. வெள்ளைக்காரர் காலத்துக் கருங்கல் கட்டிடம். உட்காரும் வாங்குகள் எத்தனையோ பேரின் கை பட்டு மினுங்கின. நிறக் கண்ணாடிக்குப் பின்னால் பனிமூட்டம் போய்க்கொண்டிருந்தது. கோபத்தோடு பார்த்தாலும் வடிவு வடிவுதான்.

வாசலில் செருப்பைக் கழற்றினேன். எந்தக் கோயிலென்றாலும் கழற்றாமல் உள்ளே போக எங்கள் ஆட்களுக்கு வராது. கால் வைத்தால், அட கடவுளே, கல் தரையா ஐஸ் கட்டியா? அதற்குப் பிறகுதான் பார்த்தேன், எல்லார் காலிலும் சப்பாத்து.

சேலைக்கு மேல் சுவெட்டர் போட்ட ஒரு மெலிந்த அம்மா என்னிடம் வந்தார். பொடியனின் தாய். என் காலைப் பார்த்தார். வாசலுக்குத் திரும்பிப் போய், சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

"வாங்க சம்மந்தியம்மா, இங்கிட்டு ஒக்காருங்க."

"நீங்க ஏன் கழட்டினீங்க? குளிரும்."

"நீங்க மட்டும் வெறுங்காலோட இருந்தா நல்லாவாங்க இருக்கும்?"

சம்மந்தியாம்! ஆர் இன்னும் சம்மதித்தது? எரிந்து விழ வாயெடுத்தேன். அவருடைய கால்விரல்கள் குளிரில் சுருண்டு கிடந்ததைப் பார்த்ததும் அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பூசை நடந்தது. பக்கத்தில் இருந்த மகளின் கையைப் பிடித்து "வேணாம்" என்று சொல்ல நினைப்பேன், மறுகா சொல்லலாம் என்று விடுவேன். மாதாவே, நீயும் பெற்றவள்தானே, ஒரு வழியைக் காட்டு என்று கும்பிட்டேன். கும்பிட்டு முடியவில்லை, ஃபாதர் கடதாசியை எடுத்துவிட்டார்.

பொடியனின் பெயர். பிறகு களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்த என் மகளின் பெயர், என் பெயர். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும்."

மகள் என்னைப் பார்த்தாள். முகத்தில் இரத்தமில்லை. நான் வாயைத் திறந்தேன்.

வந்தது குரவை! மட்டக்களப்பில் ஒரு நல்ல காரியம் நிச்சயமானால் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவோம். மகள் பெயரையும் திருமணம் என்ற சொல்லையும் ஒன்றாகக் கேட்டதும் அது தன்பாட்டில் கிளம்பிவிட்டது. கல்லுச் சுவரெல்லாம் முழங்கியது. முழுக் கோயிலும் திரும்பிப் பார்த்தது. நிலம் பிளந்திருந்தால் இறங்கியிருப்பேன். போட்ட குரவையை எங்கள் ஊரில் ஆரும் திருப்பி எடுத்ததில்லை.

"அம்மா, இது தடை இல்லைதானே?" என்றார் ஃபாதர்.

"இல்ல ஃபாதர். சந்தோசம்," என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. மகள் என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

வெளியே வந்ததும் பொடியனின் தாய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நேத்தெல்லாம் சோறு எறங்கலங்க. ஒங்க பக்கம் மாப்பிள்ளைய வீட்டோட கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு சொன்னாங்க. எனக்கு இவன் ஒருத்தன்தாங்க. புள்ளைங்க ஆசைப்படுறப்ப வேணாம்னு எப்படிங்க சொல்றது?"

பிள்ளையைப் பறிகொடுக்கிறவள் நான் மட்டும் என்றல்லவா பஸ் ஏறி வந்தேன்!

"ஆரும் ஆரையும் கூட்டிக்கொண்டு போகல்ல," என்றேன். "அதுகள் இஞ்ச இருந்து படிப்பிக்கட்டும். லீவு விட்டா எங்கட ஊருக்கு வரட்டும். நீங்களும் வரணும்."

"நானுமா?"

"பின்ன? அது என்ர மகள்ட வீடு. அவள்ட மாமிக்கு அதில இடமில்லையா?"

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பொறந்ததுலருந்து தோட்டத்து லயத்துல ஒத்த அறைதாங்க. எங்க வீட்டுல வந்து இருங்கன்னு இதுவரைக்கும் யாரும் என்னையச் சொன்னதில்லைங்க."