கரண்டு பார்த்த கை

மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கரையாம்புத்தூருக்கு முகூர்த்தத்துக்குப் போகும்போது, பாகூர் தாண்டியதும் என் அப்பா காலத்துக் கார் நின்றுவிட்டது. கரும்பு டிராக்டர் ஓட்டி வந்தவர் இறங்கினார். பெரிய மீசை, பேச்சுக்குப் பேச்சு அதை முறுக்கிக்கொண்டார். பிளக் வயரைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“புடி சார். மாப்ள, நீ சாவியத் திருப்பு.”

இடது கையால் பிடித்தேன்.

“இன்னா சார், ஷாக் அடிக்கலயா?” என்று முகம் வாடினார். டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்து, தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்து உள்ளே கரி பிடித்திருந்த பாயிண்டைத் தேய்த்தார்.

“இப்ப புடி.”

தோள்வரை தூக்கிப் போட்டது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

“கரண்டு வந்துட்ச்சி பாரு.”

வயரை மாட்டியதும் கார் கிளம்பியது.

“நீங்களே புடிச்சுப் பாத்திருக்கலாமே?” என்றேன்.

மீசையை முறுக்கினார்.

“நமக்குக் கரண்டுனா பயம் சார்.”

இன்றும் அந்தக் காரைக் கிளப்பும்போது, என் இடது கை தானாகவே பாக்கெட்டுக்குள் போய்விடுகிறது.